ஆள் வரும்வரை உட்காரலாம்!

காலியாகக் கிடக்கும் ஆகாய அலைகளைப் பங்குபோட்டுக் கொள்ளும் புதுமுறை

நிலத்துக்குப் பட்டா உண்டு. வீட்டுக்குப் பத்திரம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத, கையால் தொட முடியாத ஆகாய அலைக்கும் பட்டா உண்டு என்று சொல்லியிருந்தால் நம் பாட்டனார்கள் சிரித்திருப்பார்கள். இன்றோ அந்தப் பட்டாவுக்குத்தான் பிரமாண்டமான ஏலம் நடக்கிறது! 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய ஏலத்தில் டெலிபோன் கம்பெனிகள் கேட்ட மொத்தத் தொகை 1,50,173 கோடி ரூபாய். இவ்வளவு பணத்துக்கும் ஒரு செங்கல் கைக்கு வரவில்லை. இன்னின்ன அலைகளில் 20 வருஷத்துக்கு எங்கள் கம்பெனி மட்டுமே பேசும் என்ற உரிமைதான் கிடைத்தது.

இந்த விலைக்குப் போகும் சரக்கு கடுமையான தட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கருவிகளை வைத்து அளந்து பார்த்த விஞ்ஞானிகள் வேறு கதை சொல்கிறார்கள். கொடுத்தாகிவிட்டது என்று அரசாங்க ஏட்டில் எழுதியிருக்கும் அலைகளில் பல, பல ஊர்களில், பல மணி நேரம் சும்மா கிடக்கின்றனவாம்! அதே சமயம் நாம் ஊருக்குப் போன் போட்டால், 'இருங்கள், மொட்டை மாடிக்கு வந்து பேசுகிறேன்' என்ற பதில் வருகிறது.

சொந்தக்காரருக்குத் தொந்தரவு இல்லாமல், காலியாக உள்ள அலையை மற்றவர் உபயோகிக்க வழி உண்டா? உண்டு. அதற்கான சாதனமும் வந்தாகிவிட்டது. ஆனால் சாதனம் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் உலக அனுபவம்.

வேலி போட்ட கதை

பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரவில் மீடியம் வேவில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டு நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கரகரக்கும். அதில் பாட்டும் புரியாது, இதில் செய்தியும் புரியாது. ஒரே அலையில், ஒரே வட்டாரத்தில், ஒரே நேரத்தில் இருவர் பேசினால் வருகிற வினை அது. அலை வேறாக இருந்தால் சண்டை இல்லை. இடம் தூரமாக இருந்தாலும் சண்டை இல்லை. நேரம் மாறினாலும் சண்டை இல்லை. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கம்பியில்லாமல் மின் அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்து 1895-இல் கல்கத்தாவில் செய்து காட்டியவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். அந்த நாளில் ஆகாயம் திறந்த மைதானம். யார் வேண்டுமானாலும் இறங்கி விளையாடலாம். கப்பல்களுக்கு வயர்லெஸ் வந்தபிறகு நிலைமை மாறியது. 1912 ஏப்ரல் 15-ஆம் தேதி டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அந்தச் சமயத்தில் பொழுதுபோக்குக்காக ஒலிபரப்பியவர்களின் குறுக்கீட்டால் செய்திகள் குழம்பின என்று புகார் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா சட்டம் போட்டது. லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. பொழுதுபோக்குக்காரர்கள் தங்களுக்கென்று ஒதுக்கிய அலைகளைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது.

பிறகு எல்லா நாடுகளும் அந்த வழியில் நடந்தன. ராணுவத்துக்கு இந்தத் துண்டு, விமானத்துக்கு அந்தத் துண்டு, வானொலிக்கு, டெலிவிஷனுக்கு, போலீசுக்கு, பிற்பாடு கைபேசிக்கு என்று ஆகாயம் முழுவதும் மனை பிரித்து வேலி போட்டாயிற்று. அன்றைய கருவிகளுக்கு அது நியாயமான ஏற்பாடு. அவற்றால் ஒரே அலையில் பேச மட்டும்தான் முடியும்; சுற்றுமுற்றும் பார்த்து இடம் மாறத் தெரியாது.

பட்டா உண்டு, பயிர் இல்லை

பம்பாயில் டெலிவிஷன் தொடங்கியது 1972 அக்டோபர் 2-ஆம் தேதி. சாலுக்குச் சால், கூரைக்குக் கூரை அலுமினியக் குழாய் ஆன்டெனா முளைத்திருந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். பிறகு கேபிள் வந்தது. கிண்ண ஆன்டெனா வந்தது. கூரையில் இருந்த குழாய்கள் காயலான் கடைக்குப் போயின. ஆனால் டெலிவிஷனுக்காக வேலி போட்ட அலைகள் வேலிக்குள்ளேயே இருந்தன.

மேலைநாடுகளில் ஒரே நகரத்தில் பல தனியார் நிலையங்கள் கோபுரம் வைத்து ஆகாயத்தில் ஒளிபரப்பின. நம் நாட்டில் கோபுரத்திலிருந்து ஒளிபரப்பும் உரிமை தூர்தர்ஷனுக்கு மட்டுமே இருந்தது. ஆகவே நம்மிடம் காலி இடம் இன்னும் அதிகம். மும்பை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இதை நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டு 2014-இல் வெளியிட்டார்கள். 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள டி.வி. அலைகளில் 15 சேனல்கள் உண்டு. ஒவ்வொன்றும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலம். அந்த 15-இல் குறைந்தது 12 சேனல்கள் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் காலி என்று அவர்கள் கண்டார்கள்! அதாவது நூற்றுக்கு 80 பங்கு தரிசு நிலம். அதன்பிறகு தூர்தர்ஷன் தன் பழைய முறைக் கோபுர ஒளிபரப்புகளையும் பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

இந்தத் தரிசு சாதாரணத் தரிசு அல்ல, நல்ல வண்டல் மண். நம் வீட்டு வைஃபை பெட்டி பெரும்பாலும் 2,400 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்கிறது; இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். டி.வி. அலையோ மரம், செடி, ஓட்டு வீடு எல்லாவற்றையும் கடந்து பல கிலோமீட்டர் போகும். கிராமத்துக்கு ஏற்ற அலை இதுதான்.

பால்கர் கிராமங்களில்

மேற்கு ரயில்வேயில் விராரைத் தாண்டி டகாணு போகும் பாதையில் பால்கர் ஸ்டேஷன் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் தானே மாவட்டத்திலிருந்து பிரிந்து பால்கர் தனி மாவட்டம் ஆயிற்று. ரயில் பாதையை விட்டு உள்ளே போனால் குன்றும் மரமுமான கிராமங்கள். கோபுரம் நட்டால் போட்ட முதல் திரும்பாது என்று கம்பெனிகள் தயங்கும் பிரதேசம் இப்படிப்பட்டதுதான்.

மும்பை ஐ.ஐ.டி. குழு, அரசின் சோதனை அனுமதியோடு, கம்லோலி கிராமத்தையும் அதைச் சுற்றியுள்ள சில கிராமங்களையும் தேர்ந்தெடுத்தது. பேராசிரியர் அபய் கரண்டிகர் போன்றோர் இதில் முன்னின்றார்கள். முறை எளியது. இன்டர்நெட் வந்து சேரும் ஓரிடத்திலிருந்து காலி டி.வி. சேனல் வழியாகக் கிராமத்துக் கம்பத்துக்கு அலை போகும். கம்பத்தில் உள்ள சாதனம் அதை வைஃபையாக மாற்றித் தரும். கிராமத்தார் தங்களிடம் உள்ள சாதாரணக் கைபேசியிலேயே உபயோகிக்கலாம். இந்த வேலையை உள்ளடக்கிய 'கிராம் மார்க்' திட்டம் 2017-இல் மொசில்லா நிறுவனம் நடத்திய சர்வதேசப் போட்டியில் முதல் பரிசாக 1,25,000 டாலர் பெற்றது.

சோதனை நடந்தது, பரிசும் வந்தது. நாடு முழுவதும் ஏன் இது பரவவில்லை? அதற்கு, விருந்தாளியாக வரும் வானொலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு கடமைகள்

ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்க விஞ்ஞானி 1999-இல் ஒரு யோசனையை வெளியிட்டார். வானொலிக் கருவிக்கு உள்ளே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, சுற்றுப்புறத்தைத் தானே கவனிக்கவும், கற்றுக்கொள்ளவும், அதற்கேற்ப அலையை மாற்றிக்கொள்ளவும் செய்தால் என்ன? அவர் வைத்த பெயர் காக்னிட்டிவ் ரேடியோ. அறிவுள்ள வானொலி என்று நாம் சொல்லலாம்.

இதற்கு நம் ரயில் பெட்டியை விட நல்ல உதாரணம் கிடையாது. மும்பையிலிருந்து சென்னை போகும் ரயிலில் ஒரு பெர்த். ரிசர்வ் செய்தவர் சோலாப்பூரில்தான் ஏறுகிறார். கல்யாணிலிருந்து சோலாப்பூர் வரை பெர்த் காலி. கைக்குழந்தையோடு ஒரு அம்மாள் நிற்கிறார். அவர் உட்காரலாமா? உட்காரலாம், நான்கு காரியம் தெரிந்திருந்தால்.

முதலாவது, பெர்த் உண்மையிலேயே காலியா, சொந்தக்காரர் முகம் கழுவப் போயிருக்கிறாரா என்று அறிய வேண்டும். இரண்டாவது, காலியானவற்றில் எது நெடுநேரம் காலியாக இருக்கும் என்று பார்த்து உட்கார வேண்டும். மூன்றாவது, தம்மைப் போலவே நிற்கும் மற்றவர்களோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நான்காவது, சொந்தக்காரர் வந்ததும் மறுபேச்சில்லாமல் எழுந்து வேறு இடம் போக வேண்டும். அறிவுள்ள வானொலிக்கு விஞ்ஞானிகள் வகுத்திருக்கும் கடமைகளும் இந்த நான்குதான்: உணர்தல், தேர்தல், பங்கிடுதல், நகர்தல்.

கேட்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

நான்கில் முதலாவதே கடினம். அலையில் சலசலப்பு இருக்கிறதா என்று அளப்பது சுலபமான வழி. ஆனால் தூரத்து நிலையத்தின் ஒலி, கருவியின் சொந்த இரைச்சலில் மூழ்கிப்போகும். சந்தைக்கடையில் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுப்பது போன்றது அது. தெரிந்தவர் குரலை அடையாளம் காண்பதுபோல், டி.வி. அலைக்கே உரிய அமைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்னொரு வழி. அது நம்பகமானது, ஆனால் நேரமும் சக்தியும் கூடுதலாக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாம் தொந்தரவு செய்யக் கூடாதது யாரை? கோபுரத்தை அல்ல, வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவரை. அவருடைய பெட்டி ஆகாயத்தில் எதுவும் பேசாது. கேட்க மட்டுமே செய்யும். பேசாதவர் இருப்பதை எப்படி அறிவது? குன்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வானொலிக்குக் கோபுரத்தின் ஒலி எட்டாது. சேனல் காலி என்று எண்ணிப் பேசத் தொடங்கும். குன்றின் மேல் வீட்டில் இருப்பவருக்குக் கோபுரமும் கேட்கும், இதுவும் கேட்கும். அவர் வீட்டுப் படம் கெட்டுப்போகும்!

ஆகவே ஒருவரே முடிவு செய்யாமல் பலர் கூடி முடிவு செய்யும் முறை வந்தது. ஊரில் உள்ள பல கருவிகளும் தாங்கள் கேட்டதை ஒரு மையத்துக்குச் சொல்லும். 'இருக்கிறது' என்று ஒரே ஒரு கருவி சொன்னாலும் எல்லோரும் விலக வேண்டும் என்று விதி வைத்தால் சொந்தக்காரருக்கு முழுப் பாதுகாப்பு. ஆனால் ஒரு கருவி தவறாகச் சொன்னால்கூட எல்லாருடைய வேலையும் நின்றுபோகும். எல்லாக் கருவிகளும் சொன்னால்தான் விலகுவோம் என்றால் விருந்தாளிகளுக்குக் கொண்டாட்டம், சொந்தக்காரருக்குத் திண்டாட்டம். பெரும்பான்மை வாக்கு இரண்டுக்கும் நடுவழி. சொந்தக்காரருக்கு எவ்வளவு நஷ்டம் தகும், விருந்தாளிக்கு எவ்வளவு நஷ்டம் தகும் என்பதை மனிதர்கள் தீர்மானித்துக் கொடுத்தால்தான் கருவி எந்த வழியில் போவது என்று அறியும்.

இதிலும் கள்ளத்தனம் உண்டு. ஒரு கருவி டி.வி. நிலையம் போலவே வேஷம் போட்டு அலை விட்டால் மற்ற விருந்தாளிகள் பயந்து ஓடிவிடுவார்கள்; காலியான இடத்தில் அதுவே காலை நீட்டிக்கொள்ளலாம். டிக்கெட் பரிசோதகரின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஆட்களை எழுப்பிவிடும் எத்தனைப் போல!

சார்ட் பார்க்கும் முறை

காதை மட்டும் நம்பினால் ஆபத்து என்பதால் அமெரிக்காவில் வேறு வழி கண்டார்கள். டி.வி. அலைகளில் விருந்தாளிகளை அனுமதிக்கும் ஆணையை அந்நாட்டு எஃப்.சி.சி. என்ற அலைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2008 நவம்பரில் பிறப்பித்தது. டி.வி. நிலையங்கள் எதிர்த்தன. நாடக அரங்குகளும் எதிர்த்தன. நடிகர்கள் அணியும் கம்பியில்லா மைக்குகள் இதே காலி அலைகளில்தான் வேலை செய்து வந்தன. நாடகம் நடுவில் நின்றுபோகுமே என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

2010 செப்டம்பரில் ஆணையம் விதியை மாற்றியது. எந்த ஊரில் எந்தச் சேனல் யாருடையது என்ற முழுக் கணக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும். கருவி தான் நிற்கும் இடத்தைத் தெரிவித்து, எது காலி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கைப் பார்த்து நடக்கும் கருவி காதாலும் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. மைக் உபயோகிப்பவர்களும் பதிவு செய்துகொள்ள வழி வைத்தார்கள். முன்பு ரயில் பெட்டியில் சார்ட் ஒட்டினார்கள்; இப்போது பரிசோதகர் கையிலுள்ள கருவியே எந்த பெர்த் காலி என்று காட்டுகிறது. அதே முறைதான்.

கிராமங்களுக்கென்றே வகுத்த 802.22 என்ற சர்வதேசத் தொழில்நுட்ப விதி 2011-இல் வந்தது. ஒரு நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர் சுற்றளவுக்குச் சேவை செய்யும் நோக்கத்தோடு எழுதப்பட்டது. சொந்தக்காரர் வந்தால் 2 விநாடிக்குள் கண்டுகொள்ள வேண்டும் என்பது அதன் கண்டிப்பு.

இத்தனை இருந்தும் அமெரிக்காவிலேயே இந்தச் சேவை எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்திரு என்று சொல்லக்கூடிய இடத்தில் யார் முதல் போட்டுக் கடை வைப்பார்கள்? வாங்குவோர் குறைவு என்பதால் கருவி விலை இறங்கவில்லை. விலை இறங்காததால் வாங்குவோர் பெருகவில்லை.

மூன்று வகுப்பு

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு 2015-இல் அமெரிக்கர்கள் இன்னொரு ஏற்பாடு செய்தார்கள். 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் அவர்களுடைய கடற்படைக் கப்பல் ராடார்களுக்குச் சொந்தம். கப்பல் எப்போதும் எல்லாத் துறைமுகத்திலும் நிற்பதில்லை அல்லவா? ஆகவே அந்த அலைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள்.

முதல் வகுப்பு கடற்படை. அது வந்தால் எல்லோரும் விலக வேண்டும். இரண்டாம் வகுப்பு, பணம் கட்டி ரிசர்வ் செய்தவர்கள். மூன்றாம் வகுப்பு பொதுப் பெட்டி. முன்பணம் இல்லாமல் யாரும் ஏறலாம், மேல் வகுப்பார் யாரையும் இடிக்கக் கூடாது. கரையோரம் நெடுக உணர்கருவிகள் காவல் இருக்கின்றன. ராடார் ஒலி கேட்டதும் மையக் கம்ப்யூட்டருக்குத் தகவல் போகிறது. அது மற்றவர்களை உடனே வேறு அலைக்கு நகர்த்துகிறது. 2019 செப்டம்பரில் வியாபார ரீதியில் இது தொடங்கியது. 2020-இல் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுகளை ஏலம் விட்டபோது சுமார் 458 கோடி டாலர் கிடைத்தது.

இடம் தேடி வருகிறவருக்குக் கொஞ்சமாவது உறுதி கிடைத்தால் முதல் போடத் துணிவார் என்பதை இது காட்டுகிறது. ஏலப் பணமும் பொதுப் பெட்டியும் ஒரே ரயிலில் ஓட முடியும் என்பதையும் காட்டுகிறது.

குழாயடி நியாயம்

விருந்தாளிகளுக்குள் பங்கிடுவது எப்படி? நம் சாலில் விடியற்காலையில் குழாயடிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வரிசை இருந்தால் ஆளுக்கு இரண்டு குடமாவது கிடைக்கும். வரிசை இல்லாவிட்டால் குடம் நசுங்குமே தவிர நிறையாது.

ஆகாயத்திலும் அப்படியே. ஒரு கருவி தன் சக்தியைக் கூட்டிக் கத்தினால், பக்கத்துக் கருவிக்குத் தன் பேச்சு எடுபடாது, அதுவும் கத்தும். முடிவில் எல்லோரும் முழுச் சக்தியில் கத்துவார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது. அவரவர் தமக்கு நல்லதையே செய்தும் எல்லோரும் நஷ்டப்படும் இந்த நிலையைக் கணித ரீதியாக ஆராய உதவியவர், 1994-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஜான் நாஷ். அவருடைய கணிதத்தை வைத்தே இன்று அலைப் பங்கீட்டு விதிகளை எழுதுகிறார்கள். பேசுமுன் கேள், பிறர் பேசினால் சற்றுப் பொறு, பொறுக்கும் நேரத்தைச் சீட்டுக் குலுக்கியதுபோல் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள் என்பது வைஃபையில் நாம் தினமும் அனுபவிக்கும் விதி. ஒரே மாடியில் இருபது வீட்டுப் பெட்டிகள் வேலை செய்வது அந்த மரியாதையினால்தான்.

எழுந்திருக்க மறுத்தால்?

இனி விபரீதத்தையும் சொல்ல வேண்டும். 5,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள வைஃபை அலைகளில் ஒரு பகுதி, மழை, புயலைப் பார்க்கும் ராடார்களுக்கும் பொது. ஆகவே பல நாடுகளில் விதி இது: கருவி பேசத் தொடங்குமுன் 60 விநாடி கேட்க வேண்டும், ராடார் வந்தால் 10 விநாடிக்குள் விலக வேண்டும், பிறகு 30 நிமிஷம் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. வீட்டு வைஃபை பெட்டிகள் பலவற்றில் இந்தப் புத்தி ஏற்கெனவே உண்டு.

போர்ட்டோ ரிக்கோ தீவின் தலைநகர் சான் ஹுவான். அங்குள்ள விமான நிலைய ராடார், இறங்கும் விமானத்தைத் தரையில் அறையக்கூடிய திடீர்க் காற்றைக் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. 2009 வாக்கில் அதன் திரையில், மழை இல்லாத திசைகளில் கோடு கோடாகக் கறை விழத் தொடங்கியது. ஆராய்ந்தபோது, கூரைகளில் வைத்திருந்த இன்டர்நெட் கருவிகளின் அலை என்று தெரிந்தது. ராடாரைக் கண்டு விலகும் ஏற்பாட்டைச் சிலர் நிறுத்தியே வைத்திருந்தார்கள்! அபராதம் விதித்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பங்கிடுவதை எதிர்ப்பவர்கள் காட்டும் உதாரணம் இது. அவர்கள் பயம் வீண் பயம் அல்ல. கருவிக்கு அறிவு இருந்தாலும், அதை அணைத்து வைக்கும் விசை மனிதன் கையில் இருக்கிறது. கண்காணிப்பும் தண்டனையும் இல்லாத பங்கீடு பழைய கரகரப்புக்கே கொண்டுபோய் விடும்.

நம் நாட்டில் என்ன நிலை?

ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பற்றிய வழக்கு அது. 2012 பிப்ரவரியில் அதே கோர்ட், முறைகேடாகக் கொடுத்த 122 டெலிபோன் லைசென்ஸ்களை ரத்து செய்தது. பொதுச் சொத்தைச் சிலருக்கு மட்டும் சலுகை விலையில் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நாடு கண்டது. அதிலிருந்து, ஏலம் தவிர வேறு வழியில் அலை கொடுப்பது என்றாலே அதிகாரிகளுக்குக் கை நடுங்குகிறது. ஏலத்தில் கோடிக்கணக்கில் கொட்டிய கம்பெனிகளும், பக்கத்தில் இனாமாக அலை கிடைத்தால் நாங்கள் கொடுத்த பணம் என்ன ஆவது என்று கேட்கின்றன.

ஆனால் விருந்தாளியாக உட்காருபவருக்குச் சொந்தம் எதுவும் இல்லை. தனக்கு மட்டும் என்று அவர் கேட்க முடியாது. எழுந்திரு என்றால் எழ வேண்டும். யாருக்கும் தனியாகக் கொடுக்காததைச் சலுகை என்று சொல்ல முடியாது. இதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. 2,400 மெகாஹெர்ட்ஸ் வைஃபை அலைகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று 2005-இல் அரசு அறிவித்தது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி ஸ்டேஷன் ஸ்டேஷனாக இலவச வைஃபை வந்தது அப்படிப்பட்ட பொது அலைகளின் பலன்தான்.

1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. அதன் 7-ஆவது பிரிவு 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஒருவருக்குக் கொடுத்த அலையை, அவருக்குக் கெடுதியான இடையூறு நேராத வகையில், இரண்டாமவருக்கும் அரசு ஒதுக்கலாம் என்கிறது அது. தக்க காரணம் இல்லாமல் நெடுநாள் சும்மா வைத்திருக்கும் அலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது.

எல்லா அலையிலும் விருந்தாளியை விட முடியாது. 2021 ஜூனில் மத்திய மந்திரிசபை, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5 மெகாஹெர்ட்ஸ் அலையை ரயில்வேக்கு ஒதுக்கியது. ஓட்டுநரும் கார்டும் ஸ்டேஷனும் பேசுவதும், சிக்னல் பாதுகாப்பும் அதை நம்பி இருக்கப் போகின்றன. ஓடும் ரயிலின் உயிர்நாடியில் இன்னொருவர் வந்து உட்கார்ந்து, பிறகு 2 விநாடியில் எழுந்தாலும் அது தாமதம்தான். அங்கே வேலி அவசியம். காலியான டி.வி. சேனலுக்கும் அதே உயரத்தில் வேலி எதற்கு?

அந்தச் சேனல்களுக்கும் இப்போது வேறு போட்டி வந்திருக்கிறது. இன்டர்நெட் இல்லாமலே டி.வி. படத்தை நேரே கைபேசிக்கு அனுப்பும் திட்டத்துக்காக 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஒதுக்கப் பலமாக முயல்வோம் என்று 2024 ஜனவரியில் தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலாளர் சொன்னார். நல்ல திட்டமாகவே இருக்கட்டும். புதுச் சொந்தக்காரர் வந்தாலும், அவர் எல்லா ஊரிலும் எல்லாச் சேனலிலும் பேசப் போவதில்லை. வேலி போடும்போதே விருந்தாளிக்கு ஒரு திட்டிவாசல் வைத்துப் போட்டால் பின்னால் உடைக்க வேண்டியிருக்காது.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. எந்த ஊரில் எந்த அலை யாரிடம் இருக்கிறது, எவ்வளவு உபயோகமாகிறது என்ற கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பால்கர் போன்ற பகுதிகளில், குறிப்பிட்ட வருஷங்களுக்கு உறுதி கொடுத்து, உள்ளூர்ச் சேவைகளுக்குக் காலி அலையைத் திறந்துவிட வேண்டும். எழுந்திருக்க மறுப்பவரைக் கண்டுபிடிக்கக் கருவியும் ஆளும் வைத்துத் தண்டிக்க வேண்டும். இதில் முதலாவது நடந்தால் மற்ற இரண்டையும் ஜனங்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தம் ஊர் ஆகாயத்தில் 15-இல் 12 காலி என்று தெரிந்த பிறகு, எத்தனை நாள்தான் மொட்டை மாடியில் நின்று பேசுவார்கள்?